உயிருக்கு வரம்பு இல்லை, சுவருக்கு 6,000 ரூபாய்: உங்கள் கார் பாலிசி எதற்கு எவ்வளவு கொடுக்கும்?

கேள்வி: நாங்கள் நாமக்கல்லில் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். 9 வருடமான கார், 1,197 சிசி, ஆர்.சி. அவர் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான். தினமும் என் மகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன், அவர்கள் வீட்டில் மாதம் ஆளுக்கு 1,200 ரூபாய் பெட்ரோல் காசு கொடுத்துவிடுவார்கள். மாமனாரும் (வயது 68) டவுனுக்குள் எப்போதாவது எடுப்பார், லைசென்ஸ் மட்டும் போன வருடம் முடிந்து இன்னும் புதுப்பிக்கவில்லை. போன மாதம் என் சித்தப்பா மகன் தன் காரைக் கொண்டுபோய் ஒரு பேக்கரி முகப்பிலும் கரண்ட் கம்பத்திலும் இடித்துவிட்டான். பேக்கரிக்காரர் 4 லட்சம் கேட்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் "உங்கள் லிமிட் 6,000 தான்" என்கிறார்கள். பயந்துபோய் என் பாலிசியைப் பார்த்தால் அதிலும் 6,000 என்றே இருக்கிறது. ஒரு ஆள் மேல் இடித்து ஏதாவது ஆகிவிட்டாலும் இவ்வளவுதானா? யூடியூபில் ஒருவர் லிமிட்டை 100/300 என்று ஏற்றி வைக்கச் சொல்கிறார். ஏஜென்டைக் கேட்டால் "பழைய வண்டிக்கு தேர்டு பார்ட்டி போதும்மா" என்கிறார். அடுத்த மாதம் ரினியூவல். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆள் மேல் இடித்தால் 6,000 கிடையாது. அந்த எண் பொருள் சேதத்துக்கு மட்டும்தான். பாலிசியில் ‘லிமிட்ஸ் ஆஃப் லயபிலிட்டி’ என்று பொடி எழுத்தில் ஒரு பகுதி இருக்கும், எடுத்துப் பாருங்கள், அதில் இரண்டு வரி இருக்கும். சாவு, உடல் காயம் என்ற வரிக்கு நேராக, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி எவ்வளவு தேவையோ அவ்வளவு என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள், எண்ணே இருக்காது. பிறர் சொத்துச் சேதம் என்ற வரியில்தான் 7,50,000 என்றோ 6,000 என்றோ இருக்கும். எண் போடாத வரிக்கு வரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் கம்பெனி கட்ட வேண்டும்.

அது எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் நான் தினமும் எம்.சி.ஓ.பி. என்கிற விபத்து இழப்பீட்டு வழக்கில் போடுகிற கணக்கு இது. 35 வயது ஆள், தனியார் கம்பெனியில் மாதம் 40,000 சம்பளம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 4,80,000. எதிர்காலத்தில் சம்பளம் கூடியிருக்கும் அல்லவா, அதற்காக 40 சதவீதம் சேர்த்தால் 6,72,000. உயிரோடு இருந்தால் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று, அவரை நம்பி நான்கு பேர் இருப்பதால் கால் பங்கைக் கழிக்கிறோம், 5,04,000. அந்த வயதுக்கு 16-ஆல் பெருக்க வேண்டும். ஆக 80,64,000 ரூபாய். இதற்கு மேல் குடும்பத்தின் இழப்புக்கு ஆளுக்கு 40,000-க்குக் குறையாமல் ஒரு தொகை, ஈமச் செலவு, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் உண்டு. பெருக்கும் எண்களை உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், வருங்கால உயர்வுக்கான சதவீதத்தை 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் முடிவு செய்து கொடுத்தது, நாடு முழுக்க இப்போது இதே வாய்ப்பாடுதான். வட்டியோடு சேர்ந்து ஒரு கோடியைத் தாண்டினாலும் தாண்டும். இதற்கு நீங்கள் கட்டுகிற தேர்டு பார்ட்டி பிரீமியம், 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் முதல் வைத்த கட்டணப்படி, வருடம் 3,416 ரூபாயும் ஜிஎஸ்டியும்.

இதற்கும் வரம்பு வைக்கப் பார்த்தார்கள். 2016-ல் வந்த மோட்டார் வாகனத் திருத்த மசோதாவில் இறந்தால் 10 லட்சம், பலத்த காயம் என்றால் 5 லட்சம், அதற்கு மேல் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று ஒரு பிரிவு இருந்தது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு அதை எடுத்தார்கள், 2019-ல் சட்டமானபோது அந்த வரம்பு இல்லை. அது மட்டும் நிறைவேறியிருந்தால் மேலே சொன்ன கணக்கில் 70 லட்சத்தை வண்டிக்காரர் தலையில்தான் கட்டியிருப்பார்கள், அவரிடம் இல்லையென்றால் அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

யூடியூப்காரர் சொன்ன 100/300 அமெரிக்கக் கணக்கு. அங்கே பல மாநிலங்களில் ஒரு ஆளுக்கு இவ்வளவு, ஒரு விபத்துக்கு மொத்தம் இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு என்று மூன்று எண்ணாக எழுதுவார்கள். டெக்சாஸில் குறைந்தபட்சம் 30/60/25, அதாவது ஒருவருக்கு 30,000 டாலர், எல்லாருக்கும் சேர்த்து 60,000, சொத்துக்கு 25,000. அங்கே ஒரு ஆபரேஷனுக்கே 30,000 டாலர் பற்றாது, மிச்சத்தை ஓட்டியவர் மேல் வழக்குப் போட்டு வாங்குவார்கள், அதனால் அந்த ஊர்க்காரர்கள் ஏற்றி வைப்பது நியாயம். நம் ஊர் பாலிசியில் உயிருக்கு எண்ணே இல்லாததால் ஏற்ற வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் ஏஜென்ட் சொன்னதும் தவறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, அந்த 6,000. 1988 சட்டத்தில் பிறர் சொத்துச் சேதத்துக்குக் கட்டாயமாக எடுக்க வேண்டிய காப்பு 6,000 ரூபாய் என்று இருந்தது. பாலிசியில் வழக்கமாகக் காருக்கு 7,50,000, இரு சக்கர வண்டிக்கு 1,00,000 என்று கொடுப்பார்கள். ‘எனக்கு அவ்வளவு வேண்டாம், 6,000 போதும்’ என்று நீங்களே சொன்னால் பிரீமியத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். எவ்வளவு தெரியுமா? காருக்கு வருடம் 100 ரூபாய், பைக்குக்கு 50. இந்த 100 ரூபாய்க்காக ஏழரை லட்சத்தில் 7,44,000 ரூபாய்க் காப்பை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உங்களிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆன்லைனில் விலை குறைவாகக் காட்டுவதற்காக அந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கும், அல்லது ஏஜென்ட் போன வருடத்துத் தாளைப் பார்த்து அப்படியே போட்டிருப்பார். ரினியூவலில் முதல் வேலையாக அதை 7,50,000 ஆக்குங்கள், நடுவிலேயே மாற்றித் தருவார்களா என்றும் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசத்தைக் கட்டிவிடலாம்.

சொத்து என்றால் எதிரே வந்த கார் மட்டும் கிடையாது. கடை முகப்பு, காம்பவுண்டு சுவர், கரண்ட் கம்பம், டோல்கேட் தடுப்பு, ஒருவருடைய மாடு, தள்ளுவண்டியில் இருந்த பழம் எல்லாமே அதில் வரும். ஒரு விபத்தில் எத்தனை பேர் பொருள் சேதமானாலும் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 7,50,000. உங்கள் சொந்த வீட்டு கேட்டில் இடித்தால் கிடைக்காது, அது உங்கள் சொத்து, பிறர் சொத்து ஆகாது.

இனி நான் உண்மையில் சொல்ல நினைப்பது. நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் என்னைக் கவலைப்பட வைத்தன.

பிள்ளைகள் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேர்டு பார்ட்டி பாலிசி ரோட்டில் இருப்பவர்களுக்கானது. சொந்த உபயோகக் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதில் காப்பு இல்லை. உங்கள் மகளுக்கும் இல்லை, அந்த மூன்று பிள்ளைகளுக்கும் இல்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும் இதே கதிதான். பலருக்கு இது கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்கிற பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் உள்ளே இருப்பவர்களுக்கும் சேரும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-லேயே சுற்றறிக்கை விட்டது, 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பழைய வண்டிக்கு தேர்டு பார்ட்டி போதும் என்பவர்கள் வண்டியின் மதிப்பை மட்டும் பார்க்கிறார்கள். 9 வருட காரின் தகரத்துக்கு மதிப்புக் குறையும், அதில் ஏறும் நான்கு பிள்ளைகளுக்குக் குறையுமா?

ஆனால் பேக்கேஜ் எடுத்துவிட்டால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. நீங்கள் வாங்கும் அந்த 1,200 ரூபாய் இருக்கிறதே, அது வாடகை. நீங்கள் பெட்ரோல் காசு என்று சொல்லலாம், மனசுக்கும் அது நியாயமாகத்தான் இருக்கும், நீங்கள் இதில் லாபம் பார்க்கவில்லை என்று எனக்கும் தெரிகிறது. விபத்து என்று ஒன்று நடந்தால் கம்பெனி ஒரு இன்வெஸ்டிகேட்டரை அனுப்பும். அவர் அந்தப் பெற்றோரிடம் போய் மெதுவாக, ‘மாசம் எவ்வளவு கொடுக்கறீங்க?’ என்று கேட்பார், அவர்களும் வெள்ளந்தியாகத் தொகையைச் சொல்வார்கள், அவர் எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்வார். அவ்வளவுதான். வெள்ளை போர்டு காரை பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியது பாலிசி நிபந்தனை மீறல் என்று கம்பெனி வாதாடும், சட்டத்தின் 150-வது பிரிவே அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கிறது. பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ள உங்கள் கணவர் மேல் வந்து விழும்.

அதனால் அடுத்த மாதத்திலிருந்து அந்தக் காசை வாங்காதீர்கள். அக்கம்பக்கத்து உறவுக்காகச் சும்மா கூட்டிப்போவது வேறு, மாதக் கணக்கு வைத்துக் கூட்டிப்போவது வேறு. செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், பெர்மிட் உள்ள பள்ளி வேனோ மஞ்சள் போர்டு வண்டியோ பார்த்துக்கொள்ளட்டும். முகம் கோணுவார்கள், கோணட்டும்.

இரண்டாவது மாமனார். அவர் நாற்பது வருடம் லாரியே ஓட்டியவராக இருந்தாலும் இன்றைய தேதியில் லைசென்ஸ் இல்லாதவர். முன்பு லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று ஒரு சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அவர் ஓட்டும்போது யாராவது அடிபட்டால் என்ன நடக்கும் என்றால், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டும்படி தீர்ப்பாகும், அதை வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை கொடுப்பார்கள். 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது, கோர்ட்டில் நாங்கள் ‘பே அண்டு ரிகவரி’ என்போம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இது பெரிய பாதுகாப்பு, அதில் எனக்குக் குறையே இல்லை. வண்டிக்காரருக்குத்தான் விஷயம் தாமதமாகப் புரிகிறது. தீர்ப்பு வந்த பிறகு ஒரு நாள் நிறைவேற்று மனு நோட்டீஸ் வீட்டுக்கு வரும், பாலிசி ஜெராக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ‘இன்சூரன்ஸ்தான் இருக்கே சார், அப்புறம் எதுக்கு என் வீட்டை ஜப்தி பண்றாங்க’ என்று கேட்பவர்களை எங்கள் கோர்ட் வராந்தாவில் நான் தொடர்ந்து பார்க்கிறேன். குடித்துவிட்டு ஓட்டினாலும் 2019-க்குப் பிறகு இதே நிலைமைதான்.

மேலே போட்ட 80 லட்சக் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். கம்பெனிக்கு வரம்பு இல்லை என்பதுபோலவே, உங்கள் கணவரிடம் திரும்ப வசூலிப்பதற்கும் வரம்பு இல்லை. அவர் மஸ்கட்டில் சம்பாதித்துக் கட்டிய வீடு அதற்குள் வந்துவிடும்.

ஆகவே லைசென்ஸைப் புதுப்பிக்கும்வரை மாமாவிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் டாக்டரிடம் படிவம் 1-ஏ வாங்கி, விண்ணப்பத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்தால் போதும். முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டாம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் டெஸ்ட் வைப்பார்கள், அதனால் தேதியை இன்றே பாருங்கள். உங்கள் கணவரைவிட்டு அவர் அப்பாவிடம் பேசச் சொல்லுங்கள், மருமகள் சாவியைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்று பேச்சு வர வேண்டாம்.

அப்புறம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிசியில் ‘ஓனர் டிரைவர்’ தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் என்று ஒரு வரி இருக்கும். அது ஆர்.சி. யார் பெயரிலோ அவருக்கு. நீங்கள் ஓட்டிக்கொண்டு போய் நீங்களே அடிபட்டால் அது உங்களுக்கு வராது. தவறு உங்கள் பக்கம் என்றால் உங்கள் சொந்தக் கார் பாலிசியில் தேர்டு பார்ட்டியாகவும் கேட்க முடியாது, ஏனென்றால் வண்டியை வாங்கி ஓட்டுபவர் சொந்தக்காரர் இடத்தில் நிற்கிறார் என்று 2009-ல் நிங்கம்மா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. தினமும் ஓட்டுகிற ஆளுக்கே காப்பு இல்லாமல், மஸ்கட்டில் இருப்பவருக்கு 15 லட்சம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு எனக்குப் பிடித்த வழி, உங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுப்பது. அது காரில் போனாலும் பஸ்ஸில் போனாலும், படியில் வழுக்கினாலும் செல்லும். இல்லையென்றால் கார் பாலிசியிலேயே உங்கள் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் காப்பு சேர்க்கச் சொல்லலாம், அல்லது ஆர்.சி.யையே உங்கள் பெயருக்கு மாற்றலாம்.

ரினியூவலுக்கு ஏஜென்ட் வரும்போது பேக்கேஜ் பாலிசிக்கு விலை கேளுங்கள். இதுவரை தேர்டு பார்ட்டி மட்டும் இருந்ததால் வண்டியை ஒரு தடவை வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அதற்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு, குறைவாக இருப்பதால் கூடுதல் தொகை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. பயணிகளுக்குத் தனிநபர் விபத்துக் காப்பு சீட்டுக்கு 2 லட்சம் வரை சேர்க்கலாம், அதற்குச் சில நூறு ரூபாய்தான் கூடும். பம்பர் டு பம்பர், எஞ்சின் காப்பு என்று அவர் அடுக்குவதெல்லாம் இந்த வயது காருக்கு அவசியமில்லை, அதில் மிச்சம் பிடியுங்கள். பழைய பாலிசி முடிகிற தேதிக்கு ஒரு வாரம் முன்பே பணம் கட்டிவிடுங்கள், ஒரே ஒரு நாள் இடைவெளி விழுந்து அந்த நாளில் ஏதாவது நடந்தால் கட்ட கம்பெனியே இருக்காது. பாலிசி கைக்கு வந்ததும் அந்த லிமிட் வரியை நீங்களே வாசியுங்கள், போட்டாச்சும்மா என்று போனில் சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக உங்கள் சித்தப்பா மகன். கம்பெனி சொல்வது சரிதான், பாலிசியில் 6,000 என்று இருந்தால் அதற்கு மேல் அவர்கள் தர மாட்டார்கள். அதற்காகப் பேக்கரிக்காரர் கேட்பதெல்லாம் கடன் ஆகிவிடாது. என்ன உடைந்தது, அதைச் சரிசெய்ய என்ன செலவு என்பதை அவர் காட்ட வேண்டும். தம்பி முதலில் இடிபட்ட இடத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கட்டும், கண்ணாடி, ஷட்டர், ஃபிரிட்ஜ், கட்டுமானம் என்று தனித்தனியாகப் பில்லோ எஸ்டிமேட்டோ கேட்கட்டும், ஒரு இன்ஜினியரை வைத்துத் தன் பக்கமும் ஒரு மதிப்பீடு வாங்கட்டும். பழைய ஷட்டருக்குப் புது ஷட்டர் விலை, கடை மூடிய நாட்களுக்கு மனசுக்குத் தோன்றிய தொகை என்று சேர்த்துத்தான் இந்த மாதிரி ரவுண்டான எண்கள் வருகின்றன. கம்பத்துக்கு மின்வாரியம் தன் எஸ்டிமேட்டை எழுத்தில் கொடுக்கும், அதைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டேஷனில் வைத்து வெள்ளைத் தாளில் ‘4 லட்சம் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டாம், கம்பெனிக்குத் தெரியாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வது பாலிசி நிபந்தனைக்கே விரோதம், அந்த 6,000-மும் போகும். பேசித் தீர்ப்பதாக இருந்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசட்டும். அதற்குள் ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டான் என்றால் அந்தத் தாளின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.